இறுக்கமான ரேக் என்றால் என்ன?

கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை கைப்பழக்கம். சிவப்புக் காயை நடுவில் வைத்து, அதைச் சுற்றி ஆறு, அந்த ஆறையும் சுற்றிப் பன்னிரண்டு என்று 19 காய்களையும் அடுக்குவோம். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் சுற்றிலும் அணைத்து நெருக்குவோம். எங்காவது இடுக்கு தெரிந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் விடமாட்டார். "சரியா அடுக்குப்பா" என்பார்.

மேசைமேல் பந்துகளை அடித்துப் பாக்கெட் என்ற குழிகளில் விழவைக்கும் பூல் ஆட்டத்தில் இதே வேலைக்கு ரேக் போடுவது என்று பெயர். காய்க்குப் பதில் பந்து, உள்ளங்கைக்குப் பதில் முக்கோணச் சட்டம். அந்தச் சட்டத்தையும் ரேக் என்பார்கள், அதற்குள் அடுக்கிய பந்துக் கூட்டத்தையும் ரேக் என்பார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கேரம் காய் தட்டை. வைத்த இடத்தில் கிடக்கும். பந்து அப்படிக் கிடக்காது. மயிரிழை சரிவு கிடைத்தாலும் உருண்டு ஒதுங்கிவிடும். புதிதாகப் பூல் பழகுபவர்கள் கியூ என்ற அடிகோலைப் பிடிப்பதையும் குறி பார்ப்பதையும் அக்கறையாகக் கற்றுக்கொள்கிறார்கள். ரேக்கை மட்டும் எப்படியோ போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நானும் பல மாதங்கள் அப்படித்தான் ஆடினேன். என் பிரேக், அதாவது வெள்ளைப் பந்தால் ரேக்கை உடைக்கும் முதல் அடி, சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் பலமாக அடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். கோளாறு நான் அடிப்பதற்கு முன்பே, பந்துகளை அடுக்கும்போதே நடந்துகொண்டிருந்தது.

இறுக்கமான ரேக் என்றால், ஒவ்வொரு பந்தும் தன் பக்கத்துப் பந்துகள் அத்தனையையும் தொட்டுக்கொண்டிருப்பது. அவ்வளவுதான். 'இறுக்கம்' என்ற சொல் கொஞ்சம் திசைதிருப்பும். ஏதோ அழுத்திப் பிடித்துவைத்திருப்பது போன்ற எண்ணத்தைத் தரும். சட்டத்தைத் தூக்கிய பிறகு பந்துகளை அழுத்திப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. தொடுகிறதா, தொடவில்லையா என்பது மட்டும்தான் கேள்வி.

முதலில் எந்த ஆட்டத்தில் என்ன அடுக்கு என்று பார்த்துவிடலாம். மூன்று பந்துகளை வைத்து ஆடும் பில்லியர்ட்ஸில் ரேக் என்ற பேச்சே இல்லை. பூலில் பரவலாக ஆடப்படும் எய்ட் பால் ஆட்டத்தில் 15 பந்துகள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஐந்து வரிசைகள். மூன்றாவது வரிசையின் நடுவில் கறுப்பு 8. பின்வரிசையின் இரண்டு மூலைகளில், ஒன்றில் கோடு போட்ட பந்து, மற்றதில் முழு நிறப் பந்து. நைன் பாலில் 9 பந்துகள் வைர வடிவில், அதாவது 1, 2, 3, 2, 1 என்ற வரிசைகளில் நிற்கும். முன்னால் 1, நடுவில் 9. டென் பாலில் 10 பந்துகள், நான்கு வரிசை முக்கோணம். முன்னால் 1, மூன்றாவது வரிசையின் நடுவில் 10.

மூன்றிலும் வழக்கமாக முனைப் பந்து உட்காரும் இடம் ஒன்றுதான். அதற்கு ஃபுட் ஸ்பாட் என்று பெயர். ஒன்பதடி மேசையின் ஆடுபரப்பு 254 செ.மீ. நீளம், 127 செ.மீ. அகலம். ரேக் போடும் பக்கத்துக் குஷனிலிருந்து (மேசை ஓரத்து ரப்பர் தடுப்பிலிருந்து) நீளத்தில் கால் பங்கு தள்ளி, அகலத்துக்குச் சரிபாதியில் அந்தப் புள்ளி இருக்கும்.

இப்போது தொடுகைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பந்தும் இன்னொரு பந்தும் தொடும் இடத்தை ஒன்று என்று கணக்கிட்டால், 15 பந்து முக்கோணத்தில் மொத்தம் 30 தொடுகைகள். 10 பந்தில் 18. நைன் பால் வைரத்தில் 16. மூலைப் பந்துக்கு அக்கம்பக்கம் இரண்டே பந்துகள்தான். நடுவில் மாட்டிக்கொண்ட பந்துக்கு ஆறு. இந்த முப்பதில் ஒன்று விட்டுப்போனாலும் பிரேக் மாறும். எவ்வளவு மாறும் என்பது எது விட்டுப்போனது என்பதைப் பொறுத்தது.

அடி எப்படிப் பரவுகிறது

மேசை அலங்காரமாக ஒரு பொருளைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து எஃகு உருண்டைகள் நூலில் வரிசையாகத் தொங்கும். ஒரு கோடியில் உள்ள உருண்டையை இழுத்து விட்டால், நடுவில் இருக்கும் மூன்றும் அசையாமல் நிற்க, மறுகோடி உருண்டை மட்டும் துள்ளி எழும். அடி நடுவில் இருப்பவற்றின் ஊடாகக் கடந்து போகிறது. ரேக்கிலும் அடி இப்படித்தான் கடந்து போகிறது. ஆனால் இங்கே பாதை ஒன்று இல்லை, பல. முனைப் பந்தில் விழும் அடி இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் மறுபடி பிரிந்து, சில இடங்களில் மறுபடி சேர்ந்து, பின்மூலைகள் வரை போகும். பந்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இது ஏறக்குறைய ஒரே மூச்சில் நடந்து முடிகிறது. இரண்டு பந்துகள் மோதும்போது அவை ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கு எல்லாப் பந்தும் ஒரே சமயத்தில் வெடித்தாற்போலத் தெரிவது அதனால்தான்.

இடுக்கு இருந்தால் என்ன ஆகிறது? அடி வாங்கிய பந்து அந்த இடுக்கைத் தாண்டிப் போய்த்தான் அடுத்ததை முட்ட வேண்டும். அதற்குள் மறுபக்கத்துப் பந்து தன் பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கும். முனைப் பந்து இடது பக்கத்துப் பந்தைத் தொடுகிறது, வலது பக்கத்தைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பந்து நேராக வந்து அடித்தாலும் முதல் உதை முழுக்க இடது பக்கம் போகும். அந்த உதையின் எதிர்விளைவால் முனைப் பந்து வலது பக்கம் ஒதுங்கி, பிறகுதான் வலது பக்கத்துப் பந்தை முட்டும். ஒரே அடி முன்னும் பின்னுமாக இரண்டு தவணையில் விழுகிறது. ரேக்கின் ஒரு பக்கம் திறந்துகொள்ள, மறுபக்கம் கும்பலாக நின்றுவிடும். பந்துகள் தங்களுக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முட்டலிலும் கொஞ்சம் வேகம் வீணாகும். பிரேக் அடித்ததும் 'டப்' என்ற கூர்மையான சத்தத்துக்குப் பதில் கொழகொழவென்று ஒரு சத்தம் கேட்டால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

அதனால் முப்பது தொடுகைகளும் சமம் இல்லை. முன்னால் இருக்கும் மூன்று பந்துகளுக்கு நடுவே உள்ள மூன்று தொடுகைகள்தான் முதல் முக்கியம். அடி பிரியும் வாசல் அது. அடுத்து, நடுப்பந்தைச் சுற்றியுள்ளவை. பின்வரிசையில் மூலையை ஒட்டி ஓர் இடுக்கு இருந்தால் அதன் பாதிப்பு ரொம்பக் குறைவு. நேரம் இல்லாதபோது முன்னால் மட்டுமாவது பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நைன் பாலில் இறுக்கத்தின் விளைவு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். நடுவரிசையின் இரண்டு கோடியிலும் நிற்கும் பந்துகளை விங் பால் என்பார்கள். ரேக் சரியாகப் பொருந்தியிருந்து, வெள்ளைப் பந்தை ஒரு பக்கமாக வைத்து முனைப் பந்தைச் சரியாகத் தாக்கினால், விங் பால் மூலைப் பாக்கெட்டை நோக்கியே போகும். அது போகும் திசையை அடிப்பவரின் பலத்தைவிட அடுக்கின் வடிவம்தான் அதிகம் தீர்மானிக்கிறது. 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் யு.எஸ். ஓப்பன் நைன் பால் பட்டத்தை வென்ற கோரி டியூயல் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டார். மற்றவர்கள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பிரேக் அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மென்மையாக அடித்து விங் பாலைப் பாக்கெட்டில் இறக்கினார். ரேக் இறுக்கமாக இருந்தால்தான் இப்படி ஓர் ஆட்டம் சாத்தியம். ஓர் இடுக்கு இருந்தாலும் விங் பால் பாக்கெட்டை விட்டு விலகிவிடும். இது ரொம்ப எளிதாகிவிடுகிறது என்பதால், பிற்பாடு சில போட்டிகளில் 1-க்குப் பதில் நடுவில் உள்ள 9-ஐ ஃபுட் ஸ்பாட்டில் வைக்கும் வழக்கம் வந்தது. அப்போது ரேக் முழுவதும் முன்னே நகர்ந்துவிடுவதால், விங் பாலுக்குப் பாக்கெட் நேராக அமையாது.

ஏன் தொடமாட்டேன் என்கிறது?

இப்போது புதியவர்களைத் தவிக்கவைக்கும் இடத்துக்கு வருவோம். சட்டத்துக்குள் பந்துகளை நன்றாக நெருக்குகிறீர்கள். எல்லாம் ஒட்டித்தான் இருக்கிறது. சட்டத்தைத் தூக்கியதும் ஏதோ ஒரு பந்து மெதுவாக, வேண்டுமென்றே செய்வது போல, கொஞ்சம் விலகி நிற்கிறது. மறுபடி சட்டத்தை வைத்து, இன்னும் பலமாக நெருக்கி, மறுபடி தூக்கினால் அதே கதை.

நான் ஆடிய ஒரு கிளப்பில் வயதான மார்க்கர் ஒருவர் இருந்தார். மேசைகளைப் பராமரித்து, ஸ்கோர் எழுதி, ரேக் போட்டுக் கொடுப்பவரை நம் ஊரில் மார்க்கர் என்றுதான் சொல்வோம். நான் நாலு தடவை நெருக்கியும் சரியாகாமல் நின்றபோது அவர் பக்கத்தில் வந்து, "தம்பி, பந்தோட ஏன் சண்டை போடற? துணியைப் பாரு" என்றார். மொபைல் டார்ச்சைத் துணிக்கு இணையாகத் தாழ்த்திப் பிடித்துக் காட்டினார். ஸ்பாட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பள்ளங்கள், அம்மைத் தழும்பு போல. அதுவரை அந்த மேசையில் நூறு தடவையாவது ஆடியிருப்பேன். ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை.

அந்தப் பள்ளங்கள் எப்படி வருகின்றன? பிரேக் அடிக்கும்போது கியூ கொஞ்சமாவது மேலிருந்து கீழாகச் சாய்ந்திருக்கும். அதனால் வெள்ளைப் பந்து துணியை விட்டு இலேசாக எழும்பிப் பறந்துதான் ரேக்குக்கு வருகிறது. அப்படி மேலிருந்து வந்து மோதும்போது முனைப் பந்தைக் கீழே, துணிக்குள் அழுத்துகிறது. துணிக்கு அடியில் இருப்பது கல். நடுவில் மாட்டிக்கொண்ட துணி நசுங்குகிறது. நாள் ஒன்றுக்கு ஐம்பது பிரேக் என்றால் ஒரு மாதத்தில் அங்கே ஒரு குழி உறுதி. பிறகு நீங்கள் ரேக்கை அந்தக் குழிகளுக்கு ஓர் இழை முன்னாலோ பின்னாலோ வைத்தால், சட்டத்தைத் தூக்கியதும் பந்து தன் பழைய குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் எவ்வளவு பலமாக நெருக்கினாலும் பயன் இல்லை; கையை எடுத்த பிறகுதானே அது உருள்கிறது.

துணியில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று சாக்குத் தூள். கியூ முனையில் தேய்க்கும் நீலத் தூள் உதிர்ந்து துணியில் படிந்து, பந்துக்கு அடியில் மணல் போலக் கிடக்கும். இன்னொன்று, ஸ்பாட்டைக் குறிக்க ஒட்டும் வட்ட ஸ்டிக்கர். அதன் விளிம்பு தேய்ந்து தூக்கிக்கொண்டால் முனைப் பந்து அதன் மேல் நிற்காமல் சறுக்கும். முனைப் பந்து மட்டும் ஓயாமல் விலகினால் முதலில் ஸ்டிக்கரைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்த காரணம் பந்து. உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் அளவுப்படி பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. அதில் 0.127 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். இது நாம் எழுதும் சாதாரண வெள்ளைத் தாளின் தடிமனைவிடச் சற்றே அதிகம். சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் விதிக்கு உட்பட்ட இரண்டு பந்துகளில் ஒன்று பெரிய ஓரத்திலும் இன்னொன்று சின்ன ஓரத்திலும் இருந்தால், அவற்றுக்குள் கால் மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடுகிறது. நல்ல செட்டில் இவ்வளவு இருக்காது. ஒரே செட்டில் பந்துகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய அளவில் இருக்கும். தொலைந்த பந்துக்குப் பதில் வேறு செட்டிலிருந்து எடுத்துப் போட்ட இடங்களில்தான் சிக்கல்.

இந்தச் சின்ன வித்தியாசம் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவுள்ள ஏழு ஒரு ரூபாய் நாணயங்களை எடுங்கள். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. கச்சிதமாகப் பொருந்தும், ஒவ்வொன்றும் நடுவில் 60 பாகை எடுத்துக்கொண்டு, ஆறு சேர்ந்து 360 ஆகிவிடுகிறது. இப்போது நடுவில் உள்ளதை மட்டும் கொஞ்சம் பெரிய நாணயமாக மாற்றுங்கள். சுற்று வளையத்தில் எங்காவது ஓர் இடுக்கு விழும். அதை ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறக்கும். நடுவில் சின்ன நாணயத்தை வைத்தால், சுற்றியுள்ளவற்றில் ஒன்று வெளியே பிதுங்கி நடுவைத் தொடாமல் நிற்கும். ஆறும் நடுவும் சரியாக ஒரே அளவாக இருந்தால் மட்டுமே பன்னிரண்டு தொடுகைகளும் கிடைக்கும்.

ரேக்கில் இப்படி ஆறு பேர் சூழ நிற்கும் பந்து, நைன் பாலில் ஒன்றே ஒன்று, அந்த 9. டென் பாலிலும் ஒன்றுதான். 15 பந்து முக்கோணத்தில் மூன்று: 8-ம், அதற்கு அடுத்த வரிசையின் நடுவில் உள்ள இரண்டும். எனவே அளவு கொஞ்சம் கொஞ்சம் மாறுபட்ட பந்துகளை வைத்துக்கொண்டு, எவ்வளவு திறமையாக அடுக்கினாலும் நைன் பாலில் ஓர் இடமாவது திறந்திருக்கும்; எய்ட் பாலில் மூன்று இடங்களாவது திறந்திருக்கும். பழைய பந்துகளில் எய்ட் பால் ரேக் போட்டு முப்பதையும் மூட முடியவில்லை என்றால் அது உங்கள் கையின் குற்றம் இல்லை. கணக்கே அப்படி.

இன்றைய நல்ல பந்துகள் பீனாலிக் பிசினில் வார்க்கப்படுகின்றன. பெல்ஜியத்தின் சலூக் நிறுவனம் அராமித் என்ற பெயரில் செய்வது உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். தந்தம் காற்றின் ஈரத்துக்கேற்ப வீங்கும், சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீங்கவும் செய்யாது. அந்தக் காலத்தில் 15 பந்தை அடுக்கியவர்கள் எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு விளையாட்டுக்காக அத்தனை யானைகள் செத்தது தனிக் கொடுமை. தந்தத்துக்கு மாற்றுத் தேடிய முயற்சிதான் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட்டை செல்லுலாய்டு பக்கம் கொண்டுபோனது.

சரி, குற்றவாளி துணியா, பந்தா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய வழி ஒன்று இருக்கிறது. இடுக்கு விழும் இடத்தில் உள்ள பந்தை எடுத்து ரேக்கில் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அங்கே இருந்ததை இங்கே வையுங்கள். இடுக்கும் பந்தோடு சேர்ந்து இடம் மாறினால் பந்தில் கோளாறு. பந்து மாறியும் இடுக்கு அதே இடத்தில் நின்றால் துணியில் கோளாறு. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் மணிக்கணக்கில் ரேக்கோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது, போய்ச் சொல்லிவிடுவேன்.

கையால் செய்ய வேண்டியது

முதலில் துணியைப் பிரஷ்ஷால் துடையுங்கள், குறிப்பாக ஸ்பாட்டைச் சுற்றி ஓரடி அளவுக்கு. பந்துகளை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஈரம் போக்குங்கள். அழுக்குப் பந்து பக்கத்துப் பந்தோடு ஒட்டி உரசும். நெருக்கும்போது நழுவி இடத்தில் உட்காராமல் ஒன்றையொன்று திருப்பிக்கொண்டே இருக்கும்.

சட்டத்தை ஸ்பாட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பந்துகளை நிரப்புங்கள். சட்டத்தைக் கவனித்துப் பார்த்தால் தெரியும், பின்வரிசைக்கும் சட்டத்தின் பின்கட்டைக்கும் நடுவே விரல்கள் நுழையும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். அது விரல்களுக்காகவே விட்ட இடம். இரண்டு கை விரல்களையும் அதற்குள் விட்டுப் பின்வரிசைப் பந்துகள் ஐந்தையும் சமமாக முன்னே தள்ளுங்கள். நடுவில் உள்ளதை மட்டும் தள்ளினால் ஓரங்கள் கழன்று நிற்கும். அதனால் மூலைப் பந்துகளுக்கும் ஒரு விரல் கட்டாயம். அழுத்தத்தை விடாமல், சட்டத்தையும் பந்துகளையும் சேர்த்து மெதுவாக முன்னே நகர்த்தி, முனைப் பந்து ஸ்பாட்டுக்கு வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். நிற்கும் அந்தக் கணத்தில் பந்துகள் தங்கள் ஓட்டத்தாலேயே முன்பக்கமாக நெருங்கி உட்காரும். மேசை மேல் சட்டத்தை முன்னும் பின்னும் தடதடவென்று ஆட்டுவதால் ஒரு பயனும் இல்லை. துணிதான் தேயும்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். விரலை எடுத்ததும் சட்டத்தை அப்படியே தூக்கிவிடுவார்கள். தூக்கும்போது முன் இரண்டு கட்டைகளும் பந்துகளை உரசிக்கொண்டு மேலே வரும். உரசிய பந்து ஒரு நூல் விலகும். அதற்குப் பதில், பந்துகளை விரலால் பிடித்தபடியே சட்டத்தை மட்டும் ஒரு சிறு அளவு முன்னால் நகர்த்துங்கள். இப்போது கட்டைகள் எந்தப் பந்தையும் தொடாது. விரல்களை ஒன்றொன்றாக இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பின்னுக்கு எடுங்கள். ஒரு நொடி நில்லுங்கள். பிறகு சட்டத்தை நேராக மேலே தூக்குங்கள்.

அப்புறம் குனிந்து பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லா ரேக்கும் இறுக்கமாகத்தான் தெரியும். கண்ணைப் பந்துகளின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, முனையின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் மறுபக்கமிருந்து டார்ச் அடியுங்கள். இரண்டு பந்துகள் தொடும் இடத்தில் வெளிச்சம் அறுந்து நிற்கும். தொடாவிட்டால் மெல்லிய கோடு போல ஒளி ஊடுருவும்.

மரச் சட்டமா பிளாஸ்டிக்கா என்று கேட்பவர்கள் உண்டு. மூலைகள் வளையாத, விறைப்பான சட்டம் எதுவானாலும் போதும். மலிவான மெல்லிய பிளாஸ்டிக் சட்டம் அழுத்தும்போது பக்கவாட்டில் விரியும்; உள்ளே இருப்பதும் அதோடு விரியும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சார்டோ என்ற பெயரில், பந்துகளை அழுத்தி இருத்தும் ஒரு கருவி தொழில்முறைப் போட்டிகளில் புழங்கியது. இப்போது அதைவிட எளிய ஒன்று வந்துவிட்டது: காகிதம் போல மெல்லிய பிளாஸ்டிக் தகடு. அதில் பந்துகள் நிற்கும் இடங்களில் துளைகள் வெட்டியிருக்கும். டெம்ப்ளேட் ரேக் என்பார்கள். தகட்டைத் துணிமேல் விரித்து, பந்துகளை அதன் மேல் வைத்தால், துளை விளிம்புகள் பந்தைப் பக்கத்துப் பந்தோடு சாயவைத்துத் தாங்கிக்கொள்ளும். துணியில் உள்ள சிறு பள்ளங்கள் தொல்லை தராது. பிரேக் ஆன பிறகு, தகட்டின் மேல் பந்து எதுவும் நிற்காதபோது அதை எடுத்து ஓரம் வைத்துவிடலாம். பழகுபவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டே நிமிடத்தில் தேடுவது கிடைக்கும். அதைவிட முக்கியமாக, சரியான ரேக் எப்படி வெடிக்கும் என்பது காதுக்கும் கண்ணுக்கும் பழகும். அது பழகிய பிறகு முக்கோணச் சட்டத்தில் போடும்போது எங்கே குறை என்று தானாகத் தெரியும்.

பந்தைத் தட்டி உட்காரவைக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலகும் பந்தின் தலையில் இன்னொரு பந்தால் 'டொக்' என்று ஒரு தட்டு. உடனே அது நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் செய்தது துணியில் புதிதாக ஒரு குழி. அடுத்தவர் ரேக்கை ஒரு நூல் தள்ளி வைப்பார், அவரும் ஒரு தட்டுத் தட்டுவார். ஆறு மாதத்தில் அந்த இடம் முழுக்கக் குண்டும் குழியும். பிறகு மெதுவாக உருளும் பந்துகள் அந்த இடத்தில் கோணலாகத் திரும்பும்; ஆட்டமே கெடும். உலகச் சங்கத்தின் வழிகாட்டலும், தவிர்க்க முடியாவிட்டால் ஒழியத் தட்டாதீர்கள், அதற்குப் பதில் துணியை நன்றாகப் பிரஷ் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறது. புதுத் துணி போட்ட உடனே, ஒரு தடவை மட்டும் சரியான இடத்தில் அளவாகத் தட்டி எல்லோரும் அதே குழிகளைப் பயன்படுத்துவது வேறு விஷயம். மேசையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்பவர் செய்ய வேண்டிய வேலை அது. விளையாட வந்தவர் செய்வது அல்ல.

ஸ்னூக்கரில் இதே இறுக்கத்துக்கு வேறு அர்த்தம். அங்கே 15 சிவப்புப் பந்துகள், ஒவ்வொன்றும் 52.5 மி.மீ., முக்கோணமாக நிற்கும். பிங்க் பந்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக, ஆனால் அதைத் தொடாமல். முதல் அடி பூலைப் போல உடைக்கும் அடி இல்லை. ஓரத்துச் சிவப்பை இலேசாக உரசிவிட்டு வெள்ளைப் பந்தைப் பத்திரமாக மறுகோடிக்குக் கொண்டுவரும் அடி. பூலில் ரேக் நன்றாகச் சிதறுவதற்காக இறுக்குகிறோம். இங்கே சிவப்புகள் கண்டபடி வெளியே சிதறாமல் இருக்க இறுக்கம் உதவுகிறது. இந்த ஆட்டத்தின் விதிகள் 1880-களில் நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டவை. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டம், நீலகிரிக் குளிரில் ஒழுங்குக்கு வந்தது.

கடைசியாக ஒன்று. எல்லாம் செய்தாயிற்று, பந்து இடம் மாற்றிப் பார்த்தாயிற்று, ஒரு பந்து தேய்ந்த பந்து என்று உறுதியாகிவிட்டது. ஆனால் அந்த கிளப்பில் வேறு செட் இல்லை. நண்பர்களோடு ஆடும் எய்ட் பால் என்றால், அந்தப் பந்தைப் பின்வரிசையின் மூலையில் வைத்துவிடுங்கள். கோடு போட்டதானாலும் முழு நிறமானாலும் அங்கே ஒரு மூலை அதற்குப் பொருந்தும். மூலைப் பந்துக்கு இரண்டே தொடுகைகள்தான், அடியும் கடைசியில்தான் அங்கே வரும். போட்டிகளில் இப்படித் தேர்ந்தெடுத்து வைக்கக் கூடாது. இடம் குறிப்பிட்ட பந்துகளைத் தவிர மற்றவை எந்தத் திட்டமும் இல்லாமல் கலந்து நிற்க வேண்டும் என்பது விதி. அங்கே ரேக் போட்டு முடித்ததும் எதிராளியைக் கூப்பிட்டு, முன்னால் குனிந்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் அவருடைய ரேக்கை அப்படியே பாருங்கள். பிறகு பிரேக் அடிக்கலாம்.